மூளைக்குள் நுழைந்த காற்றும் நாம் இழக்கும் நேரமும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, பழையசீவரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஐம்பது வயதைக் கடந்த விவசாயி ஒருவரை அவருடைய மனைவியும் தம்பியும் காலை வேளையில் எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தனர். சிறுநீரகம் செயலிழந்ததால் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர் அவர். கையில் நிரந்தர இரத்தக்குழாய் இணைப்பு இன்னும் தயாராகாததால் கழுத்தில் தற்காலிகக் குழாய் பொருத்தப்பட்டிருந்தது. அன்று காலை 7 மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்தபடி சட்டையைக் கழற்றியபோது குழாயின் மூடி துணியில் சிக்கிக் கழன்றுவிட்டது. குழாயின் கவ்வியும் சரியாகப் பூட்டப்பட்டிருக்கவில்லை. அடுத்த நிமிடமே இருமல், மூச்சுத்திணறல். பிறகு பேச்சு குழறியது. இடக்கையும் இடக்காலும் துவண்டன.

“மயக்கம் வந்தா உக்கார வெச்சுத் தண்ணி குடுக்கிறதுதானே வழக்கம், டாக்டர்? நாங்களும் அதைத்தான் செஞ்சோம்” என்றார் அவருடைய மனைவி. அவர் மீது எந்தத் தவறும் இல்லை. உட்காரவைக்கக் கூடாது என்பதை எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் மருத்துவர்களாகிய நாங்கள்.

அவருக்கு நேர்ந்தது வழக்கமான பக்கவாதம் அன்று. கழுத்துக் குழாய் வழியே உள்ளே இழுக்கப்பட்ட காற்று, குமிழிகளாக மூளையின் இரத்தக்குழாய்களை அடைந்திருந்தது. இதற்கென ஒரு சிகிச்சை உண்டு. உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை என்பது அதன் பெயர். அச்சிகிச்சையைப் பற்றியும், அதைவிட முக்கியமாக, அச்சிகிச்சை கிடைக்கும்வரை கழியும் நேரத்தைப் பற்றியும் இவ்விதழின் வாசகர்களோடு என் கருத்தைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நோயாளியை அடையாளம் காண இயலாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

காற்று எவ்வாறு மூளையை அடைகிறது?

முதலில் ஓர் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். கையில் ஏற்றப்படும் சொட்டு மருந்துக் குழாயில் சிறு குமிழி ஒன்று நகர்வதைக் கண்டு செவிலியரைப் பதறி அழைக்கும் உறவினர்கள் பலர். அவ்வாறு அழைப்பதில் தவறில்லை. ஆயினும் கைநரம்பு வழியே செல்லும் ஒன்றிரண்டு சிறு குமிழிகள் இதயத்தின் வலப்புறம் வழியாக நுரையீரலைச் சென்றடைந்து அங்கேயே வடிகட்டப்பட்டு மெல்ல மறைந்துவிடும். பெரும்பாலோருக்கு அவற்றால் தீங்கு இல்லை.

ஆபத்து வேறு மூன்று சூழல்களில் இருக்கிறது. முதலாவது, மிகுதியான காற்று விரைவாக உள்ளே நுழைவது. கழுத்திலும் மார்பிலும் உள்ள பெருஞ்சிரைகளில், நாம் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை உள்ளிழுக்கும்போது, அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடுகிறது. அப்போது குழாய் திறந்திருந்தால் இரத்தம் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே உறிஞ்சப்படும். பெரிய ஊசி ஒன்றின் அளவே உள்ள திறப்பின் வழியாகக்கூட ஒரு நொடியில் 100 மில்லிலிட்டர் வரை காற்று நுழைய இயலும். டயாலிசிஸ் இயந்திரத்தில் காற்றைக் கண்டறிந்து குழாயை உடனே அடைக்கும் கருவி இருக்கிறது. வீட்டில் அத்தகைய காவல் கிடையாது.

இரண்டாவது, இதயத்தின் மேலறைகளுக்கு இடையே உள்ள சிறு துளை. நாம் கருவில் இருந்தபோது அனைவருக்கும் இருந்த இத்துளை, பிறந்தபின் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முழுமையாக மூடுவதில்லை. பெரும்பாலோர் அதை அறியாமலேயே நலமாக வாழ்ந்து முடிக்கின்றனர். ஆனால் சிரை வழியே காற்று நுழைந்தால், அது நுரையீரலின் வடிகட்டியைத் தவிர்த்து இத்துளை வழியாக இடப்புறம் தாண்டி மூளைக்குச் சென்றுவிடலாம்.

மூன்றாவது, நேரடியாகத் தமனிக்குள் காற்று புகுவது. இதய அறுவை சிகிச்சை, நுரையீரலில் ஊசி செலுத்திச் சதைத்துணுக்கு எடுக்கும் பரிசோதனை ஆகியவற்றின்போது மிக அரிதாக இது நேரலாம். அழுத்தக் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் வேலை செய்வோருக்கும் நேரும்.

மூளைக்குச் சென்ற குமிழி இரண்டு வகைகளில் கேடு செய்கிறது. சிறு தமனியை அடைத்து அதற்கு அப்பால் இரத்தம் செல்லாமல் தடுப்பது ஒன்று. தான் உரசிச் சென்ற இரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்படுத்தி, குமிழி மறைந்த பின்னும் வீக்கத்தையும் அடைப்பையும் தொடரச் செய்வது மற்றொன்று. இதனால்தான் சற்றே தெளிந்துவிட்ட நோயாளி சில மணி நேரத்தில் மீண்டும் மோசமடைவதுண்டு. ஸ்கேனில் குமிழி தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு செய்யவும் கூடாது. படம் எடுப்பதற்குள் காற்று கரைந்திருக்கலாம். அது விளைவித்த சேதம் எஞ்சியிருக்கும்.

அழுத்தம் செய்யும் வேலை

வாயுவின் மீது அழுத்தம் கூடினால் அதன் கொள்ளளவு குறையும் என்பதை இராபர்ட் பாயில் 1662இல் எழுதிவைத்தார். பள்ளிப் பாடத்தில் நாம் படித்த அதே விதிதான் இங்கே பயன்படுகிறது. நோயாளியை உறுதியான மூடிய அறைக்குள் படுக்கவைத்து, உள்ளே அழுத்தத்தை இயல்பான வளிமண்டல அழுத்தத்தைப்போல் 2.8 மடங்கு வரை உயர்த்துகிறோம். கடலில் 18 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்கு இது சமம். அப்போது குமிழியின் கொள்ளளவு முன்பிருந்ததில் ஏறத்தாழ 36 விழுக்காடாகச் சுருங்கும்.

கொள்ளளவு இவ்வளவு சுருங்கினாலும் குமிழியின் விட்டம் முன்பிருந்ததில் 70 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகவே இருக்கும். ஆகவே அழுத்தம் மட்டும் போதாது. எஞ்சிய வேலையைச் செய்வது ஆக்சிஜன். குமிழியில் இருப்பது பெரும்பாலும் நைட்ரஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு அதுவே. நோயாளி நைட்ரஜன் கலவாத தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் இரத்தத்தில் உள்ள நைட்ரஜன் குறையும். அப்போது குமிழிக்குள் உள்ள நைட்ரஜன் வெளியேறி இரத்தத்தில் கரைந்து, நுரையீரல் வழியே நீங்கும். மேலும், வழக்கமாக 100 மில்லிலிட்டர் இரத்தநீரில் 0.3 மில்லிலிட்டர் ஆக்சிஜனே கரைந்திருக்கும். 3 மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கும்போது அது சுமார் 6 மில்லிலிட்டராக உயர்கிறது. சிவப்பணுக்கள் செல்ல இயலாத இடுக்கிலும் இரத்தநீர் கசிந்து சென்று, வாடும் மூளைத் திசுவுக்கு உயிர்வளியைக் கொண்டுசேர்க்கும்.

முதல் சிகிச்சை பெரும்பாலும் 4 மணி 45 நிமிடங்கள் நீடிக்கும். இடையிடையே சில நிமிடங்கள் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கச் செய்வார்கள். நீண்ட நேரம் உயர் அழுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தால் அரிதாக வலிப்பு வரலாம் என்பதே இதற்குக் காரணம். காது அடைத்து வலிக்கும்; எச்சிலை விழுங்குமாறு சொல்வார்கள். நுரையீரல் கிழிந்து மார்புக்குள் காற்று தேங்கியிருந்தால், அதை வெளியேற்றிய பின்னரே அறைக்குள் அனுமதிப்பார்கள். தேவைப்பட்டால் அடுத்த நாள்களிலும் சிகிச்சை தொடரும்.

பாலம் கட்டியோரும் சங்கு குளிப்போரும்

இந்தச் சிகிச்சை மருத்துவமனையில் பிறந்ததன்று. தொழிலாளர்களின் உடல்வலியிலிருந்து பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆற்றுப்படுகைகளில் பாலத்தூண்களுக்கு அடித்தளம் தோண்டியவர்கள், தண்ணீர் புகாதவாறு அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் இறங்கி வேலை செய்தனர். மேலே வந்ததும் மூட்டுவலியால் துடித்தனர், சிலர் முடங்கினர், சிலர் இறந்தனர். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872இல் இந்நோயால் தாக்கப்பட்டு, 1883இல் பாலம் திறக்கப்படும்வரை பெரும்பாலும் வீட்டிலிருந்தே பணியை மேற்பார்வையிட்டார். பிரான்சின் பால் பெர் என்ற உடலியல் அறிஞர் 1878இல், இதற்குக் காரணம் நைட்ரஜன் குமிழிகளே என்று விளக்கினார். 1908இல் ஜான் ஸ்காட் ஹால்டேன், ஆழத்திலிருந்து படிப்படியாக மேலேறும் முறையைப் பிரிட்டிஷ் கடற்படைக்காக வகுத்தளித்தார்.

இது எங்கோ நடந்த கதை என்று எண்ண வேண்டாம். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியைச் சேர்ந்த குளியாளிகள் முன்பு மூச்சை அடக்கிக்கொண்டு முத்தும் சங்கும் எடுத்தனர். பின்னர்ச் சங்குகுளியில், படகில் வைத்த கம்ப்ரசரிலிருந்து நீளும் குழாயைக் கடித்தபடி இறங்கும் வழக்கம் வந்தது. நெடுநேரம் ஆழத்தில் இருந்துவிட்டு விரைந்து மேலேறியதால் கால் முடங்கியவர்கள் அக்கரையோரத்தில் உண்டு. இலங்கையின் வடகடலில் சங்கும் கடலட்டையும் எடுக்கும் நம் மக்களும் இதே துன்பத்தை அறிவார்கள்.

பாலாற்றங்கரையில் வாழும் நமக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுக்க மூச்சடக்கி மூழ்குபவருக்கு இந்நோய் பொதுவாக வருவதில்லை. மேலிருந்து எடுத்துச் சென்ற காற்று, மேலே வரும்போது பழைய அளவுக்கே விரிகிறது. ஆனால் அவரே பஞ்சர் கடையின் கம்ப்ரசர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு இறங்கி, கீழே அழுத்தக் காற்றை நுரையீரல் நிறைய இழுத்து, மூச்சை அடக்கியவாறு மேலே வந்தால், அந்தக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்து மூளைக்குக் குமிழியை அனுப்பிவிடக்கூடும். இதற்குப் பெரும் ஆழம் தேவையில்லை. ஓர் ஆள் உயரத் தண்ணீரே போதும். ஆகவே கிணற்று வேலைக்குக் கம்ப்ரசர் குழாயை ஒருபோதும் மூச்சுக்குழாயாகப் பயன்படுத்த வேண்டாம்.

எதற்கெல்லாம் இது மருந்தன்று?

1960இல் ஆம்ஸ்டர்டாமில் அறுவை மருத்துவர் ஈட்டே பூரேமா, இரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய முற்றிலும் நீக்கப்பட்ட பன்றிகளை அழுத்த அறையில் கரைந்த ஆக்சிஜனைக்கொண்டே உயிரோடு வைத்திருந்து காட்டினார். அதன்பின் இச்சிகிச்சையின் மீது நம்பிக்கை பெருகியது. நம்பிக்கையோடு வணிகமும் வளர்ந்தது. இன்று முகப்பொலிவுக்கும், முதுமையைத் தள்ளிப்போடவும், ஆட்டிசம் உள்ள குழந்தைகளைக் குணப்படுத்தவும் இந்த அறை உதவும் என்று விளம்பரம் செய்வோர் உலகெங்கும் இருக்கின்றனர். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2013இலேயே இத்தகைய கூற்றுகளை நம்பி ஏமாற வேண்டாம் என்று பொதுமக்களை எச்சரித்தது.

மூளையில் காற்றுக்குமிழி, குளியாளிகளின் அழுத்தநோய், கார்பன் மோனாக்சைடு நச்சு, சதையை அழுகச் செய்யும் சில கிருமித்தொற்றுகள், வேறு சிகிச்சைக்கு ஆறாத சில நீரிழிவுக் கால்புண்கள், கதிர்வீச்சால் விளைந்த புண்கள் என்று சான்றுள்ள பயன்கள் ஒரு சிறு பட்டியலில் அடங்கிவிடும். அப்பட்டியலுக்கு வெளியே, ‘கொஞ்சம் ஆக்சிஜன்தானே, கெடுதல் என்ன?’ என்று எவரேனும் சொன்னால், கெடுதல் உண்டு என்பதே என் விடை. 1997 அக்டோபர் 31 அன்று இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனை ஒன்றில் அழுத்த அறைக்குள் தீப்பற்றியதில் 11 பேர் இறந்தனர். 2025 சனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இத்தகைய அறையில் பற்றிய தீயில் 5 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். செறிந்த ஆக்சிஜனில் ஒரு சிறு பொறியும் நொடியில் பெருந்தீயாகும். அதனால்தான் கைப்பேசி, தீப்பெட்டி மட்டுமன்றித் தலையில் தடவிய தேங்காய் எண்ணெயையும் நீக்கிவிட்டு, அவர்கள் தரும் பருத்தி உடையை உடுத்திய பின்னரே உள்ளே அனுப்புவார்கள். அவ்வாறு சோதித்து அனுப்பாத இடத்துக்குச் செல்லாதீர்கள்.

அழுத்த அறைக்கு முந்தைய மணிகள்

மீண்டும் அந்த விவசாயியிடம் வருகிறேன். காலை 7 மணிக்குக் காற்று நுழைந்தது. 7.50க்கு எங்களிடம் வந்தார். பக்கவாதம் என்றே முதலில் கருதினோம். கழுத்துக் குழாயின் மூடி கழன்ற செய்தியை அவருடைய தம்பி தற்செயலாகச் சொன்னபோது மணி 8.30. உடனே அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, குழாயை அடைத்து, அதிகபட்ச அளவில் ஆக்சிஜன் கொடுத்தோம். பிறகு தொலைபேசியை எடுத்தோம்.

ஓரிடத்தில் இயந்திரம் பழுது. மற்றோரிடத்தில் இயக்குபவர் விடுப்பு. மூன்றாம் இடத்தில், முன்பதிவு செய்த கால்புண் நோயாளிகளை மட்டுமே ஏற்பதாகக் கூறினர். நான்காவது இடம் ஏற்றுக்கொண்டபோது மணி 10.45. சென்னை சாலையின் நெரிசலைக் கடந்து அவர் அறைக்குள் படுத்தபோது பிற்பகல் 2 மணி. காற்று நுழைந்து 7 மணி நேரம் ஆகியிருந்தது.

பிரெஞ்சு மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வொன்று, மருத்துவச் செயல்முறைகளின்போது மூளைக்குக் காற்று சென்ற 86 நோயாளிகளைப் பற்றியது. சிரை வழியே காற்று நுழைந்தவர்களுள், 6 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கப்பட்டவர்கள் மேலான பலன் அடைந்ததாக அதில் கண்டனர். இந்நோய் அரிது, அவசரமானது. ஆதலால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வு இதற்கு இல்லை. காலம் கடந்து தொடங்கியும் பயன் கண்டவர்கள் உண்டு. ஆகவே 6 மணி நேரம் கடந்தால் கதவு மூடிவிட்டது என்று கொள்ளத் தேவையில்லை. ஆயினும் முந்துவதே நலம் என்பதில் ஐயமில்லை.

எங்கள் நோயாளி மறுநாள் இடக்கையை உயர்த்தினார். 3 முறை சிகிச்சை பெற்றபின் நடந்து வீடு திரும்பினார். இடக்கைப் பெருவிரல் மட்டும் முழுமையாகத் தேறவில்லை. வைக்கோல் கட்டை இறுக்கி முடிச்சுப் போட முடியவில்லை என்று சொல்லிச் சிரித்தார். 7 மணி நேரம் 4 மணி நேரமாக இருந்திருந்தால் அந்த விரலும் தேறியிருக்குமா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. அந்தக் கேள்வி என்னைவிட்டு அகலவில்லை என்று மட்டும் சொல்வேன்.

இழந்த நேரத்தைக் கணக்கிட்டால், சாலையில் மட்டுமன்றி அறியாமையிலும் தேடலிலும் பெரும்பொழுது கழிந்தது. சாலையை நாம் குறுக்க இயலாது. மற்ற இரண்டையும் குறுக்க இயலும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

கழுத்திலோ மார்பிலோ தொடையிலோ குழாய் பொருத்தப்பட்டவரின் குடும்பத்தார் பின்வருவனவற்றை மனத்தில் கொள்ள வேண்டும்.

குழாயின் மூடிகளையும் கவ்விகளையும் டயாலிசிஸ் செவிலியரைத் தவிர எவரும் தொடக் கூடாது. ஒவ்வொரு முறையும் மையத்திலிருந்து புறப்படும் முன், இரண்டு கவ்விகளும் பூட்டப்பட்டிருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். தலைவழியே கழற்றும் சட்டையைத் தவிர்த்து, முன்புறம் பொத்தான் உள்ளதை அணியுங்கள்.

மூடி கழன்றாலோ குழாய் வெடித்தாலோ, உடனே உடலுக்கு அருகிலுள்ள பகுதியில் குழாயை விரலால் மடக்கி இறுகப் பிடியுங்கள். கவ்வி இருந்தால் பூட்டுங்கள். குழாய் முற்றிலும் வெளியே வந்துவிட்டால், அந்தத் துளையின் மீது சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். பாதி வந்த குழாயை நீங்களே உருவ வேண்டாம்.

நோயாளியை உடனே படுக்கவையுங்கள். உட்காரவைக்காதீர்கள், நிற்க விடாதீர்கள், நடத்திக் கூட்டிச்செல்லாதீர்கள். வாந்தி வந்தாலோ நினைவு மங்கினாலோ இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தலையணை தேவையில்லை. வாயில் தண்ணீரோ காபியோ ஊற்ற வேண்டாம்.

108ஐ அழையுங்கள். வரும் ஊழியரிடமும் மருத்துவரிடமும் முதல் வாக்கியமாகவே இதைச் சொல்லுங்கள்: ‘கழுத்துக் குழாய் திறந்துகொண்டது, காற்று போயிருக்கலாம், இத்தனை மணிக்கு நடந்தது.’ வந்ததும் ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்துமாறு கேளுங்கள். இந்தச் செய்தியை நீங்கள் சொன்னால், நாங்கள் தொலைத்த 40 நிமிடங்கள் உங்களுக்கு மிஞ்சும்.

மருத்துவமனையில் இத்தகைய குழாயை எடுக்கும்போதும் உங்களைப் படுக்கவைத்தே எடுப்பார்கள். எடுத்தபின் சிறிது நேரம் படுத்தேயிருக்கச் சொல்வார்கள். காற்றுப் புகாத கட்டு ஒன்றைப் போடுவார்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படாதீர்கள்.

கல்லில் எழுதிவைத்தவர்களின் ஊர்

பழையசீவரத்துக்கு எதிரே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழரின் கல்வெட்டு ஒன்று உண்டு. அக்கோயிலைச் சார்ந்து இயங்கிய ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர் சாலையைப் பற்றி அது விரிவாகப் பேசுகிறது. 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள், இவர்களுக்கு உரிய ஊதியம், ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். இத்தனையும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன.

அந்தக் கல்வெட்டில் பெருமைப்பட நிறைய உண்டு. எனக்கோ அது ஒரு கடமையை நினைவூட்டுகிறது. நோயாளி வந்தபின் தேடத் தொடங்குவது மருத்துவமன்று. வருமுன்னரே யார், எது, எவ்வளவு என்று எழுதிவைப்பதே மருத்துவம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 950 ஆண்டுகளுக்குப் பின்னர் அதே ஆற்றங்கரை நோயாளிக்காக, நாங்கள் எந்த எண்ணை அழைப்பது என்று தெரியாமல் இரண்டேகால் மணி நேரம் தொலைபேசியோடு நின்றோம்.

ஒவ்வொரு சிற்றூர் மருத்துவமனையிலும் அழுத்த அறை வேண்டும் என்று நான் கோரவில்லை. அது தேவையும் இல்லை. பயிற்சி பெற்றவர் இல்லாத அழுத்த அறை ஆபத்தும்கூட. நான் வேண்டுவன மூன்று. முதலாவது, குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவர் கையிலும், மேலே சொன்னவற்றைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒன்று இருக்க வேண்டும். இரண்டாவது, அவசரப் பிரிவு ஒவ்வொன்றின் சுவரிலும் அழுத்த அறைகளின் தொலைபேசி எண்களும், அவை இரவிலும் இயங்குமா, செயற்கைச் சுவாசத்தில் உள்ளவரை ஏற்குமா என்ற விவரங்களும் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அழைத்துச் சரிபார்க்கப்படவும் வேண்டும். மூன்றாவது, சென்னையில் ஒன்றும் தென்கடற்கரையில் ஒன்றுமாக, அரசின் பொறுப்பில் 24 மணி நேரமும் அவசர நோயாளியை ஏற்கும் அறைகள் இயங்க வேண்டும். அவற்றின் நிலை 108 கட்டுப்பாட்டு அறைக்கு எந்நேரமும் தெரிந்திருக்க வேண்டும். மும்பையில் ஐ.என்.எச்.எஸ். அஸ்வினி மருத்துவமனையை ஒட்டி நம் கடற்படை இத்துறைக்கென ஒரு நிறுவனத்தையே நடத்துகிறது. ஆகவே நாட்டில் இந்த அறிவுக்குப் பஞ்சமில்லை.

ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளுக்காக இவ்வளவு செலவா என்று நண்பர்களான மருத்துவர்களே கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். அதே அறை பகலில் நீரிழிவுக் கால்புண்ணுக்கும் கதிர்வீச்சுப் புண்ணுக்கும் பயன்படும். நள்ளிரவில் நச்சுப்புகை சுவாசித்த குடும்பத்துக்கும் உதவும். கூடுதலாகத் தேவைப்படுவது, இரவில் அழைத்தால் வரக்கூடிய ஒரு பயிற்சி பெற்ற குழு மட்டுமே. அமெரிக்காவிலேயே அழுத்த அறைகள் பல இருந்தும், இரவு பகலாக அவசர நோயாளிகளை ஏற்பவை குறைந்துவருகின்றன. முன்பதிவு செய்த நோயாளிகளால் வருவாய் வருகிறது. அவசர நோயாளிகளால் செலவு வருகிறது. சந்தையிடம் விட்டால் இதுவே நடக்கும். அதனால்தான் இதை அரசின் கடமை என்கிறேன்.

முதல் இரண்டுக்கும் அரசாணை தேவையில்லை. அந்த விவசாயி வீடு திரும்பிய வாரத்தில் எங்கள் அவசரப் பிரிவின் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஒரு செவிலியர் அந்த எண்களை அழைத்துப் பார்த்துத் தேதியிட்டுக் கையெழுத்திடுகிறார். டயாலிசிஸ் முடிந்து செல்வோரிடம் அட்டையும் தரப்படுகிறது. உங்களுக்குத் தரப்படாவிட்டால் கேட்டுப் பெறுங்கள். பெற்றதை அலமாரியில் வைத்துப் பூட்டாமல், கட்டிலுக்கு எதிரே உள்ள சுவரில், வீட்டில் உள்ள அனைவர் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள்.